யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: போர்ட் செதுக்கின சிலிண்டர் பிளாக், பிஸ்டன் ரிங் உடைஞ்சுக்கிட்டே இருக்கு. ஸ்லீவ் (பிளாக்குக்குள்ள இறக்குற உருளை) அடிக்கலாமா?

திண்டுக்கல் ஆர்எக்ஸ்:
95 மாடல், நான் மூணாவது கை. முன்னாடி வெச்சிருந்தவர் ரேஸ் ஆசையில எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டர் சுவர்ல புகை வெளியேறுற துவாரம்) அகலமா செதுக்கி விட்டுட்டார். ஆறு மாசத்துல ரெண்டு ரிங் செட் காலி. ரெண்டு தடவையும் ஒரே இடம்தான்: எக்ஸாஸ்ட் பக்கம், மேல் ரிங். உடைஞ்ச துண்டு ஹெட்டை அம்மைத் தழும்பு மாதிரி கொத்தி வெச்சிருக்கு.

பிளாக் ஏற்கனவே 1.00 ஓவர்சைஸ், அதாவது போர் (உள் விட்டம்) 50-லேர்ந்து 51 மி.மீ. ஆயிடுச்சு. இதுக்கு மேல பிஸ்டன் இல்லை. புதுப்பேட்டையில ஒரு நாள் முழுக்க அலைஞ்சேன். "ஒரிஜினல்"னு காட்டினதுல ஒண்ணு ஃபின் (சூடு தணிக்கிற தகடு) உடைஞ்சது, இன்னொண்ணு லோக்கல் வார்ப்பு, ஃபின் இடுக்குல மணல் கூட போகலை. ஆர்எக்ஸ் 135 பிளாக் மாட்டுங்கிறாங்க, ஆனா ஆர்.சி.யில 98 சிசின்னு இருக்கே.

மதுரை டூ ஸ்ட்ரோக்:
வேற கம்பெனி ரிங் போட்டுப் பாருங்க ப்ரோ.

திண்டுக்கல் ஆர்எக்ஸ்:
ரெண்டாவது செட் வேற கம்பெனிதான்.

கோவை லேத்:
ரிங் மேல தப்பில்லை தம்பி. போர்ட் அகலம் எவ்வளவு?

திண்டுக்கல் ஆர்எக்ஸ்:
பேப்பரை உள்ளே உருட்டி விட்டு பென்சில்ல தேய்ச்சு எடுத்தேன். 41 மி.மீ அண்ணா.

கோவை லேத்:
பேப்பர்ல வர்றது வளைவோட நீளம். நேர் அகலம் 36.7 தான் வரும். அதுவே 51 போர்ல 72 சதவீதம். 70-ஐத் தாண்டினாலே ரிங் போர்ட்டுக்குள்ள எட்டிப் பார்க்கும், மேலே ஏறும்போது விளிம்புல மாட்டி முறியும்.

ஸ்லீவ் அடிச்சு 50-க்கே திரும்பிடலாம். ஆனா பழைய ஸ்லீவை மெஷின்ல கடைஞ்சு எடுத்துடுவாங்க, சீவலாத்தான் மிஞ்சும், அதைப் பார்த்து புது போர்ட் வெட்ட முடியாது. போர்ட் செதுக்கினதால உங்க பிளாக்ல தேய்ச்சு எடுத்த அச்சும் உதவாது. செதுக்காத நல்ல ஸ்டாக் பிளாக் ஒண்ணுல அதே மாதிரி பேப்பர்ல அச்சு எடுங்க, பேப்பர் மேல் விளிம்பு பிளாக் முகத்தோட சமமா இருக்கணும். எக்ஸாஸ்ட் அந்தப் பேப்பர்ல 35-ஐத் தாண்ட வேண்டாம். புது பிஸ்டனை முன்னாடியே பட்டறையில கொடுத்துடுங்க, அதை அளந்துதான் போர் போடணும். "ஸ்டாண்டர்ட் சைஸ் எனக்குத் தெரியும்"னு சொல்ற பட்டறைன்னா அப்படியே வண்டி ஏறிடுங்க.

முன்னாடி வெச்சிருந்தவர் பிளாக்கோட அலுமினியத்தை எவ்வளவு தோண்டியிருக்கார்னும் பாருங்க. ஸ்லீவுக்குப் பின்னாடி பிடிமானம் இல்லைன்னா செலவு வீண்.

ஈரோடு பழைய வண்டி:
என்கிட்ட கை படாத பிளாக் ஒண்ணு கழட்டி வெச்சிருக்கேன். அச்சு எடுத்து கூரியர்ல அனுப்புறேன். போட்டோ வேண்டாம், அளவு மாறிடும்.

திண்டுக்கல் ஆர்எக்ஸ் (மூணு வாரம் கழிச்சு):
ஸ்லீவ் அடிச்சாச்சு. அலுமினியம் தப்பிச்சது. போர்ட்டுக்குப் பின்னாடி பழைய குகை பெரிசா இருக்கிறதால ஒரு படி விழுது, கோவை அண்ணன்கிட்ட கேட்டேன், ஓடும்னார். மாட்டுறதுக்கு முன்னாடி நகத்தை ஓட்டிப் பார்த்தா ஒரு டிரான்ஸ்ஃபர் போர்ட் (பெட்ரோல் கலவை உள்ளே வர்ற துவாரம்) விளிம்பு மட்டும் பிளேடு மாதிரி இருந்தது, விளிம்பை மழுக்கி சாம்ஃபர் போட மறந்திருக்காங்க. ஆயில் ஸ்டோன்ல மெதுவா தேய்ச்சுட்டு, மண்ணெண்ணெய்ல கழுவி மாட்டினேன்.

380 கி.மீ. ஓடியாச்சு, வேகம் 50-ஐத் தாண்டலை. நேத்து சைலன்சரைக் கழட்டி போர்ட் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ரிங்ல கீறல் இல்லை. முன்ன மாதிரி பறக்கலை, அதுல கொஞ்சம் வருத்தம்தான். ஈரோடு அண்ணா, அச்சுப் பேப்பரைத் திருப்பி அனுப்பணுமா?

ஈரோடு பழைய வண்டி:
நீயே வெச்சுக்கோ. அடுத்து யாராவது கேட்டா அனுப்பு.