கருவைக் காட்டு ஓரத்தில் ஓட்டு வீடு: தீ வந்தால் தாங்க என்ன செய்யலாம்?

மூக்கையூர்ப் பெண்:
சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரம் அம்மா வீடு. ஓட்டு வீடு, முன்னால் பனையோலைச் சார்ப்பு. மேற்கே யாரும் உழாத புஞ்சை, முழுக்கச் சீமைக்கருவை. அதை ஒட்டிப் பனங்காடு. போன வாரம் யாரோ குப்பையைக் கொளுத்த, மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றில் தீ கண்மாய்க்கரை வரை வந்துதான் நின்றது. அம்மா தனியாக இருக்கிறார், நான் மதுரையில். புஞ்சைக்காரர் துபாயில், போனை எடுப்பதே இல்லை. ஜேசிபி விட்டு எல்லாவற்றையும் பிடுங்கலாம் என்கிறான் தம்பி. அம்மாவோ, "செங்கல் சுவர் எரியுமாடி?" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிக்க?

தண்ணிவண்டிக்காரன்:
தீயணைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். சுவர் எரியாது, அம்மா சொல்வது சரிதான். ஆனால் காற்று அடித்தால் கங்கு பறக்கும், அது ஓட்டு இடுக்கில் நுழையும். ஏர்வாடிப் பக்கம் ஒரு முறை புதர்த்தீயை அணைத்து, ஹோஸைச் சுருட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஓட்டு வீட்டு முகட்டில் புகை. ஓட்டைப் பிரித்தால் அடியில் அணில் கூடு, தேங்காய் நாரும் பஞ்சுமாகக் கனன்றுகொண்டிருந்தது. ரீப்பர் கட்டை அதற்குள் பிடித்துவிட்டது.

அதனால் காட்டை விடுங்கள், முதலில் வீட்டைப் பாருங்கள். கூடுகளை எடுத்துவிட்டு, முகட்டிலும் இறவாரத்திலும் உள்ள ஓட்டைகளைச் சிமெண்ட் கலவை வைத்து அடையுங்கள். காற்றுப் போக விட்ட துவாரங்களுக்குப் பொடிக் கண் கம்பிவலை. நைலான் கொசுவலை உருகிவிடும், பயனில்லை.

சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு வெறும் மணல்தான் இருக்க வேண்டும். விறகு அட்டி, பழைய மீன்வலைக் குவியல், தெர்மாகோல் மிதவை எல்லாம் நகர வேண்டும். வலையில் பிடித்தால் உருகிச் சொட்டும், தொட்ட இடமெல்லாம் எரியும். முள்வேலி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது திரி மாதிரி தீயை வாசலுக்கே கொண்டுவரும்.

ஓலைச் சார்ப்பு? பிரித்துத் தகரம் போடுங்கள். வெக்கை அடிக்கும் என்று அம்மா சண்டைக்கு வருவார், அதுவும் நியாயம்தான். மேலே சுண்ணாம்பு அடித்தால் கொஞ்சம் தணியும்.

விடிலிக்காரி:
பனங்காடு என்றதால் வந்தேன். பாளை சீவுகிற மரத்தில் ஓலை கழித்திருக்கும். ஏறாமல் விட்ட மரத்தில்தான் காவோலை அடிவரை தொங்கும். தரையில் ஓடுகிற தீ அதைப் பிடித்து உச்சிக்கு ஏறிவிடும், அப்புறம் எரிகிற ஓலை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு நேர் மேற்கே நிற்கிற மரங்களை மட்டுமாவது கழிக்கச் சொல்லுங்கள். ஓலையும் மட்டையும் ஏறுகிறவருக்கே அடுப்பெரிக்க ஆகும், கூலியைக் குறைத்துப் பேசுங்கள் தாயி. பக்கத்தில் விடிலி, அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசை, இருந்தால் சாம்பலைத் தண்ணீர் தெளித்துக் கொட்டுகிறார்களா என்றும் பாருங்கள். கருப்பட்டி அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு வெகுநேரம் கிடக்கும்.

சான் ஹோசே தம்பி:
கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதரை ஒதுக்கச் சட்டமே உண்டு. 2018-இல் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தபோது எடுத்த படங்களைப் பாருங்கள், வீடு சாம்பலாகக் கிடக்கும், பக்கத்து மரம் பச்சையாக நிற்கும். அண்ணன் சொன்ன கங்கு வேலைதான். இங்கே மரவீடுகள், உங்களுடையது செங்கல், அந்த மட்டில் தேவலை.

மூக்கையூர்ப் பெண்:
நன்றி அண்ணே, அக்கா, தம்பி. அப்போ ஜேசிபி வேண்டாமா? கரிமூட்டம் போடுகிறவர் ஒருவர் சும்மாவே வெட்டிக்கொள்கிறேன் என்கிறார்.

தண்ணிவண்டிக்காரன்:
புஞ்சை உங்களுடையது இல்லை, முதலில் உரியவரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாகச் சம்மதம் வாங்குங்கள். கரிக்காரர் வெட்டட்டும். ஆனால் தடிக்கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு சுள்ளியையும் முள்ளையும் அங்கேயே போட்டுவிட்டுப் போவார். நிற்கிற பச்சைக் கருவையைவிட அந்தக் காய்ந்த முள் மோசம். அதையும் அள்ளினால்தான் சரி என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். தூரோடு பிடுங்காவிட்டால் திரும்பத் துளிர்க்கும், அதனால் வீட்டை ஒட்டிய பட்டைக்கு மட்டும் ஜேசிபி போதும்.

இன்னொன்று. தீ நேரத்தில் கரண்டை நிறுத்திவிடுவார்கள், மோட்டார் ஓடாது. தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும், பக்கத்தில் வாளியும் சாக்கும். புகை தெரிந்ததும் 101 அல்லது 112. தீ கண்மாய்க்கரையைத் தாண்டினால் அம்மா எதையும் அணைக்க நிற்கக் கூடாது. சிலிண்டரை மூடி, ஆடு மாடு இருந்தால் அவிழ்த்துவிட்டு, தெற்கே கடற்கரை மணலுக்குப் போய்விடச் சொல்லுங்கள்.