கான்ட் பாசிப்ளி, பாசிப்ளி கான்ட்: இரண்டும் ஒன்றில்லையா?

நூல்கண்டு:

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர்களுக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவர்களுக்கு, ஒரு நாளைக்கு 30 மெயிலாவது எழுதுவேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம்தான்.

போன மாதம் ஒரு பையர், குழந்தைகள் டி-ஷர்ட்டில் 2,000 பீஸ் ரிப்பீட் ஆர்டர் தந்தால் 20ஆம் தேதிக்குள் ஏற்ற முடியுமா என்று கேட்டார். துணி சாயப்பட்டறையில் இருந்தது. அது வந்தால்தான் எதையும் சொல்ல முடியும். 'ஒருவேளை முடியாமல் போகலாம்' என்று மனதில் வைத்துக்கொண்டு, "வீ கான்ட் பாசிப்ளி ஷிப் பை த ட்வென்டியத்" என்று எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் நன்றி சொல்லி பதில் வந்தது. ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. துணியோ நினைத்ததைவிட 2 நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. எங்கள் மேனேஜர் என் மெயிலைப் படித்துவிட்டு, "முடியவே முடியாதுன்னு நீயே எழுதியிருக்கியேம்மா" என்றார். திட்டவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அகராதியில் பாசிப்ளி என்றால் 'ஒருவேளை' என்றுதானே இருக்கிறது? நான் எங்கே தவறினேன்?

இன்னொன்றும் புரியவில்லை. "ஐ வில் டெஃபினிட்லி செண்ட்" என்று எழுதினால் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்வதில்லை. "ஐ வோன்ட் ப்ராபப்ளி செண்ட்" என்றால் கோடு போடுகிறது. ப்ராபப்ளியை முன்னால் தள்ளினால் கோடு மறைகிறது. வில்லுக்குப் பின்னால், வோன்ட்டுக்கு முன்னாலா?

மேட்டுத்தெரு:

எங்களுக்குப் பள்ளியில் சொன்னது ஒரே விதி. வில், கேன், மே, மஸ்ட் எதுவானாலும் அதற்கும் மெயின் வெர்புக்கும் (செண்ட், ஷிப் மாதிரி முக்கிய வினைக்கும்) நடுவில் அட்வெர்பை, அதாவது பாசிப்ளி, ப்ராபப்ளி மாதிரி சொல்லை, வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நீங்கள் எழுதியது சரியான வாக்கியம்தான். பையர்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

பழைய கரும்பலகை:

பையர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். 31 வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தேன், நானும் அந்த ஒரே விதியைத்தான் சொல்லிக் கொடுத்தேன். நாட் என்ற மறுப்புச் சொல் இல்லாத வாக்கியத்துக்கு அது போதும். நாட் வந்துவிட்டால் போதாது. அதைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கான்ட்டுக்குள் ஒரு நாட் ஒளிந்திருக்கிறது. பொதுவாக நாட் தனக்குப் பின்னால் வருவதைத்தான் மறுக்கும், முன்னால் நிற்பதைத் தொடாது. "கான்ட் பாசிப்ளி" என்னும்போது பாசிப்ளி அதன் பிடிக்குள் வந்துவிடுகிறது. 'ஒருவேளை' என்ற வாய்ப்பையே நாட் மறுத்துவிடுகிறது. மிஞ்சுவது 'எந்த வழியிலும் முடியாது'. "பாசிப்ளி கான்ட்" என்றால் பாசிப்ளி பிடிக்கு வெளியே நிற்கிறது. அப்போதுதான் 'ஒருவேளை முடியாது'.

இதில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பு. நமக்கு மறுப்பு கடைசியில், வினையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒருவேளை, எப்படியும், நிச்சயமாக எல்லாமே அதற்கு முன்னால்தான் நிற்கும். இடத்தை மாற்றிப் பொருளை மாற்ற வழியில்லை. அதனால் வேறு சொல் போடுகிறோம், இல்லாவிட்டால் ஒரு ஏகாரம் சேர்க்கிறோம். 'முடியாது', 'முடியவே முடியாது'. உங்கள் மேனேஜர் செய்ததும் அதுதான். ஆங்கிலம் அதே சொல்லை வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றுகிறது.

ஜஸ்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "ஐ ஜஸ்ட் கான்ட் லீவ்" என்றால் 'என்னால் போகவே முடியவில்லை'. "ஐ கான்ட் ஜஸ்ட் லீவ்" என்றால் 'நான் பாட்டுக்கு எழுந்து போய்விட முடியாது'. முதலாவதில் மனசு கட்டிப்போட்டிருக்கிறது, இரண்டாவதில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. ரியலியும் அப்படியே. "ஐ ரியலி கான்ட் சே" என்பது 'நிஜமாகவே சொல்ல முடியாது'. "ஐ கான்ட் ரியலி சே" என்பது 'அவ்வளவு திட்டமாகச் சொல்ல முடியாது', கொஞ்சம் நழுவுகிற பதில். வகுப்பில் இந்த ஜோடிகளைப் பலகையில் எழுதித் தமிழில் சொல்லச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். விதியாகச் சொன்னால் ஏறாது.

ப்ராபப்ளி விஷயமும் இதோடு சேர்ந்ததே. அது பேசுகிறவரின் கணிப்பு. 'அநேகமாக' என்று நான் நினைப்பதை நாட் மறுக்க முடியாது, அதனால் அது நாட்டின் பிடிக்குள் வராது. "வில் ப்ராபப்ளி நாட்" என்று பிரித்து எழுதினால் நாட்டுக்கு முன்னால் அதற்கு இடம் கிடைக்கிறது. வோன்ட் என்று ஒட்டிவிட்டால் நடுவில் இடமில்லை. அதனால் முன்னால் குதித்து "ப்ராபப்ளி வோன்ட்" ஆகிறது. உங்கள் கம்ப்யூட்டர் கோடு போட்டது நியாயம்தான்.

மேட்டுத்தெரு:

ஐயா, ஒரு சந்தேகம். "அஸ் சூன் அஸ் ஐ பாசிப்ளி கேன்" என்று பலர் எழுதிப் பார்த்திருக்கிறேன். அங்கே நாட் இல்லை. அப்படியானால் கேனுக்குப் பின்னால்தானே வர வேண்டும்?

பழைய கரும்பலகை:

நல்ல கேள்வி. அங்கே மெயின் வெர்பே இல்லை, கவனித்தீர்களா? 'முடிந்த அளவு சீக்கிரம்' என்று சொல்லி, எதைச் செய்வது என்பதை விட்டுவிட்டார்கள். கேன் தனியாகக் கடைசியில் நிற்கிறது. அப்படி வில், கேன் போன்ற மோடலோடு வாக்கியம் முடிந்தால் அட்வெர்ப் அதற்கு முன்னால் வந்துவிடும். "வில் யூ கம்?" என்று கேட்டால் "ஐ ப்ராபப்ளி வில்" என்பதுதான் பதில். "ஐ வில் ப்ராபப்ளி" என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்காகக் காத்திருப்பார்.

மெயிலில் வரும் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். "குட் யூ பாசிப்ளி செண்ட்" என்று கேள்வியில் வந்தால் அது பணிவு, 'சிரமம் இல்லையென்றால் அனுப்ப முடியுமா' என்பதுபோல. ஹார்ட்லி தானே பாதி மறுப்பு என்பதால் "கேன் ஹார்ட்லி" போதும், "கான்ட் ஹார்ட்லி" வேண்டாம். "மே வெல்" என்றால் 'நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது'. நடுவில் ஒரு ஆஸ் சேர்ந்து "மே ஆஸ் வெல்" ஆனால் 'இதைவிட நல்ல வழி தெரியவில்லை, இதையே செய்துவிடலாம்' என்று முற்றிலும் வேறாகிவிடும். இந்த இரண்டையும் உடைத்துப் பார்த்துப் பொருள் கண்டுபிடிக்க முடியாது, அப்படியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நூல்கண்டு:

மேனேஜர் சொன்ன ஏகாரம் இப்போதுதான் புரிகிறது, ஐயா. 2,000 பீஸ் போனது போனதுதான். ஆனால் நேற்று வேறொரு பையர் இதே மாதிரி கேட்டிருக்கிறார், இந்த முறை 12ஆம் தேதிக்கு. பாசிப்ளியை முன்னால் கொண்டுவந்து இப்படி எழுதியிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை: "வீ பாசிப்ளி கான்ட் ஷிப் பை த ட்வெல்ஃப்த். வீ வில் டெஃபினிட்லி கன்ஃபர்ம் பை ஃப்ரைடே." சரியா?

பழைய கரும்பலகை:

இலக்கணம் சரி. ஆனால் முதல் வரியை மாற்றுங்கள். "பாசிப்ளி கான்ட்" என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அதிகம் எழுதுவதில்லை. அவசரமாகப் படிக்கிற ஒருவர் மறுபடியும் 'முடியாது' என்றே எடுத்துக்கொள்ளலாம். "வீ மைட் நாட் பி ஏபிள் டு ஷிப் பை த ட்வெல்ஃப்த்" என்று எழுதுங்கள். இதில் சந்தேகத்தை மைட் சுமக்கிறது, அட்வெர்பே தேவையில்லை.

இரண்டாவது வரிக்கு முன் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சாயப்பட்டறையிலிருந்து உங்களுக்குத் தகவல் வந்துவிடுமா?

நூல்கண்டு:

வியாழன் மாலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மழை பெய்தால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

பழைய கரும்பலகை:

அப்படியானால் டெஃபினிட்லியை எடுத்துவிட்டு "வீ ஷுட் பி ஏபிள் டு கன்ஃபர்ம் பை ஃப்ரைடே" என்று போடுங்கள். 'வெள்ளிக்குள் சொல்லிவிட முடியும் என்றே நினைக்கிறோம்' என்ற அளவில் நிற்கும். வியாழன் தகவல் கையில் கிடைத்ததும் "வீ வில் டெஃபினிட்லி ஷிப்" என்று தனியாக ஒரு மெயில் அனுப்புங்கள்.

நூல்கண்டு:

மாற்றி இப்போதே அனுப்பிவிட்டேன், ஐயா. வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன்.