எழுத்து அழிந்த ரிசீவர் கிரிஸ்டல்கள்: எந்தச் சேனல் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கிரிஸ்டல் டெஸ்டரில் செருகினால் ஒரு நம்பர் வரும், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். நம்பர் வரும்தான். ஆனால் அது சேனலின் நம்பர் இல்லை, பல நேரம் அந்தக் கிரிஸ்டல் மேல் அச்சடித்திருந்த நம்பர்கூட இல்லை. பழைய ஆர்.சி. (ரேடியோவால் ஓட்டுகிற கார், விமானம்) ரிசீவர் கிரிஸ்டல்கள், அதாவது ரிசீவர் எந்த ஃபிரீக்வென்சியைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிற குவார்ட்ஸ் துண்டுகள், ஒரு டப்பா என்னிடம் வந்தது, அதைப் பிரித்தெடுத்த விதத்தை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் போடுங்கள்.

எல்லாமே இரண்டு ஊசி வைத்த சின்ன உலோகக் கூடு. சிலவற்றில் மட்டும் கலர் உறை மிச்சம் இருந்தது. மஞ்சள் உறை போட்ட ஒன்றை டெஸ்டரில் வைத்தேன், 8.897 மெகாஹெர்ட்ஸ் சுமாருக்குக் காட்டியது. 27 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கலர், மஞ்சள் என்றால் 27.145. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறதல்லவா? இங்கே இரண்டு கணக்கு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

முதல் கணக்கு ஓவர்டோன், அதாவது கிரிஸ்டல் தன் அடிப்படை ஃபிரீக்வென்சியின் சுமார் மூன்று, ஐந்து மடங்கிலும் அதிரக்கூடியது. இந்த 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களில் பெரும்பாலானவை மூன்றாம் ஓவர்டோனில் ஓடும்படி வெட்டப்பட்டவை. ரிசீவருக்குள் அதற்கென்று ட்யூன் செய்த சர்க்யூட் இருப்பதால் அங்கே மூன்றாவதில் ஓடும், டெஸ்டரில் இருக்கிற சாதாரண ஆசிலேட்டருக்கு அதெல்லாம் தெரியாது, அது அடிப்படை ஃபிரீக்வென்சியிலேயே ஓட்டிவிடும். 8.897-ஐ மூன்றால் பெருக்கினால் 26.69.

இரண்டாவது கணக்கு ஐ.எஃப்., ரிசீவர் வந்த சிக்னலை உள்ளே மாற்றிக்கொள்கிற தாழ்ந்த இடைநிலை ஃபிரீக்வென்சி. இப்படி ஒரே தடவை மாற்றுகிற சிங்கிள் கன்வர்ஷன் ரிசீவரில் கிரிஸ்டல், டிரான்ஸ்மிட்டர் ஃபிரீக்வென்சியைவிட 455 கிலோஹெர்ட்ஸ் கீழே இருப்பதுதான் வழக்கம். 26.690 கூட்டல் 0.455, ஆக 27.145. மஞ்சள் சரிதான்!

இதே வரிசையில் பிரவுன் 26.995-க்கு 26.540, சிவப்பு 27.045-க்கு 26.590, ஆரஞ்சு 27.095-க்கு 26.640, பச்சை 27.195-க்கு 26.740, நீலம் 27.255-க்கு 26.800. நீலத்துக்கு மட்டும் இடைவெளி 50 இல்லை, 60 என்பதைக் கவனியுங்கள். மஞ்சளையும் சேர்த்து முதல் ஐந்தும் சி.பி. ரேடியோ (பொதுமக்கள் பேசிக்கொள்கிற ரேடியோ) சேனல்களுக்கு நடுவே விட்ட இடைவெளிகளில் உட்கார்ந்தவை, நீலம் மட்டும் சி.பி. 23-ஆம் சேனலின் மேலேயே விழுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், மூன்றால் பெருக்குவது துல்லியமான கணக்கு இல்லை. மூன்றாம் ஓவர்டோன் அடிப்படையின் சரியான மூன்று மடங்கில் வராது, சில கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான் வரும், சில கிரிஸ்டலில் அதற்கு மேலும் தள்ளும். 27 பேண்டில் சேனல்கள் 50 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். 35 பேண்டில் இடைவெளி வெறும் 10 கிலோஹெர்ட்ஸ், அங்கே இந்தப் பெருக்கலை நம்பினால் பக்கத்துச் சேனலில் போய் நிற்பீர்கள்.

*

நல்ல இழை அண்ணா. நான் டெஸ்டர் பக்கமே போகவில்லை. யு.எஸ்.பி.யில் செருகுகிற மலிவான எஸ்.டி.ஆர். டாங்கிள் (ரேடியோ சிக்னல்களைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டுகிற ரிசீவர்) ஒன்று இருந்தது, அதைத்தான் பயன்படுத்தினேன். கிரிஸ்டலை அதன் ரிசீவரிலேயே மாட்டி, பேட்டரி கொடுத்து, ரிசீவரின் ஆன்டெனா ஒயரை டாங்கிளின் ஆன்டெனா பக்கத்தில் போட்டுவிட்டால் போதும், உள்ளே கிரிஸ்டலால் ஓடுகிற லோக்கல் ஆசிலேட்டரின் சிக்னல் கொஞ்சம் வெளியே கசியும், திரையில் மெல்லிய கோடாகத் தெரியும். அது கிரிஸ்டல்தானா இல்லை வீட்டு எல்.இ.டி. பல்பின் குப்பையா என்று சந்தேகம் வந்தால் கிரிஸ்டலை உருவிப் பாருங்கள், கோடு போய்விட வேண்டும், திரும்பச் செருகினால் அதே இடத்தில் வர வேண்டும். விரலால் கூட்டைச் சூடாக்கினால் கோடு கொஞ்சம் நகரும், அதுவும் ஒரு சாட்சி.

இதில் பெரிய வசதி, கிரிஸ்டல் எந்த ஓவர்டோனில் ஓட வேண்டுமோ அதில்தான் ஓடுகிறது, பெருக்கல் வேலையே இல்லை. பொதுவாகக் கிடைக்கிற டாங்கிள்கள் சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் கேட்கும், அதனால் 26 பக்கம் கவலை இல்லை. டாங்கிளுக்கும் ஒரு பிழை உண்டு, 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) தப்பு என்றே வைத்துக்கொண்டாலும் 27-ல் அது ஒன்றரை கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. சேனல் சொல்வதற்கு அது போதும்.

*

மேலே இரண்டு பேர் சொன்னதும் சிங்கிள் கன்வர்ஷனுக்குச் சரி. எனக்கு வந்ததெல்லாம் 35 மெகாஹெர்ட்ஸ் டூயல் கன்வர்ஷன், அதாவது இரண்டு தடவை மாற்றுபவை, அங்கே கதையே வேறு. முதல் ஐ.எஃப். 10.7 மெகாஹெர்ட்ஸ். சேனல் 70, அதாவது 35.100-க்கான ரிசீவர் கிரிஸ்டல் 24.400-ல் ஓடிக்கொண்டிருந்தது. 455 கூட்டிப் பார்த்தால் 24.855 என்று எதற்கும் உதவாத நம்பர் வரும், 10.7 கூட்டினால்தான் விடை. அதனால் கிரிஸ்டலை அளப்பதற்கு முன்னால் ரிசீவரைத் திறந்து பாருங்கள் சார். போர்டிலேயே சால்டர் செய்த இன்னொரு கிரிஸ்டல் இருந்து, அதில் 10.245 என்று எழுதியிருந்தால் அது டூயல். 10.7-லிருந்து 10.245 கழித்தால் 0.455, அதுதான் இரண்டாவது ஐ.எஃப். அது இல்லாமல், மஞ்சள், வெள்ளை, கறுப்பு மண்டையுள்ள குட்டி ஐ.எஃப். டப்பாக்கள் மட்டும் வரிசையாக நின்றால் சிங்கிள்.

ரிசீவரே இல்லாமல் கிரிஸ்டல் மட்டும் கையில் இருந்தால்? நான் நானோவி.என்.ஏ. (ஃபிரீக்வென்சியை நகர்த்திக்கொண்டே போய் சிக்னல் எவ்வளவு கடக்கிறது என்று காட்டுகிற சின்னக் கருவி) வைத்துப் பார்த்தேன். இரண்டு போர்ட்டுக்கும் நடுவே கிரிஸ்டலைத் தொடராக மாட்டினால் அடிப்படை, மூன்றாவது, ஐந்தாவது என்று சிகரங்கள் தனித்தனியாகத் தெரியும். ஆனால் முதல்முறை மாட்டுகிறவர்கள் ஒன்றுமே தெரியவில்லை, கிரிஸ்டல் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். சிகரம் அவ்வளவு ஒல்லி. 1 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வீச்சில் 101 புள்ளி எடுத்தால் புள்ளிக்குப் புள்ளி முக்கால் மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் தாவுகிறது, நடுவில் இருக்கிற சிகரத்தை அப்படியே தாண்டிப் போய்விடும். முதலில் டெஸ்டரில் அடிப்படையைப் பாருங்கள், அதன் மூன்று மடங்குக்குச் சுற்றிலும் சில நூறு கிலோஹெர்ட்ஸ் மட்டும் வீச்சு வையுங்கள். கிடைத்துவிடும்.

*

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் எங்கள் குழுவில் ஒருவரின் பழைய காரை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது. டிரான்ஸ்மிட்டர் கிரிஸ்டலும் ரிசீவர் கிரிஸ்டலும் ஒரே கூடு, ஒரே ஊசி, ஒன்றின் இடத்தில் மற்றது ஜம்மென்று உட்காரும். அவரிடம் இருந்த இரண்டிலும் எழுத்து இல்லை, கலர் ஒன்றுதான். அளந்து பார்த்தால் ஒன்று 27.145, இன்னொன்று 26.690. இடம் மாறிப் போட்டிருந்தால் ரிசீவர் 27.600-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும், டிரான்ஸ்மிட்டரோ 26.690-ல் கத்திக்கொண்டிருக்கும். வண்டி ஓடாதது பெரிதில்லை, அனுமதி இல்லாத இடத்தில் ஒலிபரப்புகிறோம் என்பதுதான் வில்லங்கம். தெரியாத கிரிஸ்டலை டிரான்ஸ்மிட்டரில் போட்டுச் சோதிக்க வேண்டாம், ரிசீவர் பக்கமே சோதியுங்கள்.

அப்புறம், எல்லா நம்பரும் பொருந்தியும் சர்வோ (ஸ்டீயரிங் போன்றவற்றைத் திருப்புகிற மோட்டார்) அசையவில்லை என்றால் கிரிஸ்டலைத் திட்டாதீர்கள். 72 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். செட்டுகளில் ஃபுட்டாபா கம்பெனி செட் ஃபிரீக்வென்சியை ஒரு திசையில் நகர்த்தும் (ஷிஃப்ட்), ஜே.ஆர். கம்பெனி செட் எதிர்த்திசையில். ஒரே சேனலில் இருந்தாலும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.

*

இழையைத் தொடங்கியவன்தான். 10.245 அடையாளம் எனக்கு ரொம்ப உதவியது, நன்றி சார். 24 பக்கம் ஓடிய சிலவற்றை விளங்காமல் தனியாக எடுத்து வைத்திருந்தேன், இப்போது 10.7 கூட்டிப் பார்த்தால் எல்லாம் 35 பேண்டில் ஒழுங்காக விழுகிறது. ஒன்று மட்டும் டெஸ்டர், வி.என்.ஏ. எதிலும் மூச்சு விடவில்லை. காதருகே ஆட்டினால் உள்ளே லேசாகக் கலகலக்கிறது. குவார்ட்ஸ் பில்லை கிளிப்பிலிருந்து விட்டுப்போயிருக்க வேண்டும், கீழே விழுந்த கிரிஸ்டலுக்கு அது சகஜம். மற்றவற்றின் மேல் இப்போது அளந்த ஃபிரீக்வென்சி, ஐ.எஃப்., டிரான்ஸ்மிட்டர் சேனல் மூன்றையும் சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். 72 பேண்டு கிரிஸ்டல் வைத்திருப்பவர்கள் யாராவது அளந்திருந்தால் எழுதுங்கள், டூயல் கன்வர்ஷனில் அது 61 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வர வேண்டும், கையில் ஒன்றும் இல்லாததால் சரிபார்க்க முடியவில்லை.