இரண்டு சபை, ஒரே அடுக்களை

நான் மதுரைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். வேலைக்காக இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். முதல் ஞாயிறு நல்ல மழை. இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன்களின் ஆலயம் ஊரின் மறுகோடியில் இருந்தது, அதிலிருந்து பிரிந்த மெதடிஸ்டுகளின் ஆலயம் பக்கத்தில். பக்கத்தில் இருந்ததற்குள் நுழைந்தோம், அங்கேயே தங்கிவிட்டோம்.

முப்பது பேர் வருவார்கள், பாதிக்கு மேல் எழுபது தாண்டியவர்கள். பாடகர் வரிசைக்குப் பக்கத்தில் கூரை ஒழுகும் இடத்தில் எப்போதும் ஒரு வாளி இருக்கும். ஆங்கிலிக்கன்களுக்கோ 1960களில் கட்டிய கூடம், குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றாமல்தான் ஜெபம். தனித்தனியாகப் பழுதுபார்க்க இரண்டு சபையிடமும் பணமில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. மெதடிஸ்ட் ஆலயத்தை விற்றுவிட்டு, ஆங்கிலிக்கன் கூடத்தை இடித்து, அதே மனையில் இருவருக்கும் பொதுவாக ஓர் ஆலயமும் ஊருக்கென்று ஒரு சமூகக் கூடமும் கட்டுவது. சபைகள் ஆலயக் கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ள இங்கே 1969லேயே சட்டம் வந்துவிட்டது.

பேச்சு இரண்டு வருடம் இழுத்தது. அதிகம் சூடானது, ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தின் கிண்ண விஷயத்தில்தான். ஆங்கிலிக்கன்களுக்கு ஒரே பாத்திரம், அதில் ஒயின். மெதடிஸ்டுகளுக்கு மது சேராத திராட்சைச் சாறு, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். குடியால் குடும்பங்கள் அழிவதைக் கண்ணால் பார்த்த தலைமுறை கொண்டுவந்த வழக்கம் அது. விட்டுவிடுங்கள் என்று சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் போதகரம்மா என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனதைச் சொன்னேன். ஏற்கெனவே இருந்த போதகர்களுக்கு மறுபடி குருப்பட்டம் கொடுக்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு சபையின் மனசாட்சிக்கு ஒவ்வாத ஊழியரையோ வழிபாட்டு முறையையோ அதன்மேல் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். எங்கள் மதுரைக்கு முதல் பேராயராக (பிஷப்பாக) வந்த லெஸ்லி நியூபிகின், பேராயரே இல்லாத ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் சபை அனுப்பிய மிஷனரி. இதையெல்லாம் அங்கே பலர் முதல்முறையாகக் கேட்டார்கள். இங்கிலாந்திலும் இந்த இரண்டு திருச்சபைகளை இணைக்கப் பார்த்து, 1969லும் 1972லும் ஆங்கிலிக்கன் பக்கம் தேவையான 75 சதவீத வாக்கு கிடைக்காமல் நின்றுபோனது. அப்போது வாக்களித்த ஒரு பெரியவர் அன்று கூட்டத்தில் இருந்தார். எதற்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை.

முடிவில் இரண்டு கிண்ணமும் ஒரே மேசையில் இருக்கட்டும், வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆனது.

பழைய ஆலயத்தின் கடைசி ஞாயிறை மறக்க முடியாது. வேதாகமத்தையும் சிலுவையையும் சுமந்து புது ஆலயத்துக்கு ஊர்வலமாகப் போனோம். கிண்ணத் தட்டை என்னிடம் கொடுத்தார்கள். நாற்பது கண்ணாடிக் கிண்ணம், ஒவ்வோர் அடிக்கும் கிணுகிணு என்று சத்தம். பாதி வழியில் ஆங்கிலிக்கன்கள் காத்திருந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஓர் அம்மா மட்டும் பழைய வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு அங்கேதான் திருமணம், கணவரின் அடக்க ஆராதனையும் அங்கேதான். அவரும் இன்னும் சிலரும் புது ஆலயத்துக்கு வரவே இல்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கட்டடம் இப்போது அடுக்குமாடி வீடுகள், அந்தப் பக்கம் போகும்போது எனக்கே நெஞ்சு கனக்கிறது.

திறப்பு விழாவன்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். திருநெல்வேலிப் பக்கம் அசனம் என்பார்களே, சபையார் எல்லாரும் ஒன்றாக உண்ணும் விருந்து, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இப்போது புதன்கிழமை முதியோருக்கு மதிய உணவு, வெள்ளிக்கிழமை உணவு வங்கி. கோயில் பக்கமே வராதவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

* * *

அண்ணா, நான் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் தொடங்கிய எங்கட சபைகளும் 1947இல் உங்கட சி.எஸ்.ஐ.யோடுதான் சேர்ந்தன, எங்கட முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். ஆனால் இலங்கையில் மெதடிஸ்டும் அங்கிலிக்கனும் இன்றுவரை தனித்தனிதான்.

நான் கண்ட ஒற்றுமை வேறு மாதிரி. 1995 அக்டோபரில் போரால் வந்த இடப்பெயர்வில் ஊரை விட்டு நடந்து, கிழக்கே இருக்கும் தென்மராட்சிக்குப் போனோம். ஓர் ஆலய மண்டபத்தில் எங்கட சபையும் ஒரு மெதடிஸ்ட் சபையும் ஒன்றாகத் தங்கினோம். வெளியில் கிடுகால் மறைத்து ஒரு குசினி, ஒரே பெரிய பானையில் கஞ்சி. ஞாயிறு ஆராதனையை ஒரு கிழமை எங்கட போதகர் நடத்துவார், மறுகிழமை அவர்களுடைய போதகர். யாருடைய முறை என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்து அவரவர் ஆலயத்தைத் திருத்தியதும் பிரிந்துவிட்டோம். உங்கட கதையை வாசித்தபோது, அந்தக் குசினியையாவது சேர்த்து வைத்திருக்கலாமே என்று மனம் சொன்னது.

* * *

தம்பி, நான் எங்கள் சபையில் பொருளாளர், அதனால் கேட்கிறேன். மனை யார் பேரில்? நாளைக்கு ஒத்துவரவில்லை என்றால் பணம் யாருக்கு?

* * *

நல்ல கேள்வி ஐயா. மனை ஆங்கிலிக்கன்கள் பேரிலேயே இருக்கிறது. பராமரிப்புச் செலவை யார் எவ்வளவு ஏற்பது, பிரிய நேர்ந்தால் நாங்கள் போட்ட பணத்துக்கு என்ன கணக்கு, எல்லாமே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. பிரிவைப் பற்றிய அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது இரண்டு பக்கமும் சங்கடமாக இருந்தது, சேரும்போதே இதைப் பேச வேண்டுமா என்று. வழக்கறிஞர்தான் பிடிவாதமாக எழுத வைத்தார், அதுதான் சரி. உங்கள் ஊரில் இப்படி ஏதாவது பேச்சு நடந்தால் அந்தப் பக்கத்தை முதலில் எழுதிவிடுங்கள். அப்புறம் கிண்ணம் கழுவ ஆள் போடுங்கள். நாற்பதையும் ஒவ்வொன்றாகத் துடைக்க அரைமணி நேரம் ஆகிறது. எங்களுக்கு ஒரு ஆங்கிலிக்கன் பாட்டிதான் துடைத்துத் தருகிறார்.