மணல் ஈக்கடிக்கு எந்த விரட்டி ஏற்றது?

கேள்வி: வெப்பமண்டலக் காட்டுப் பகுதியில் சில வாரங்கள் தங்கவிருக்கிறேன். மணல் ஈ கடித்தால் எனக்குத் தோல் தடித்து நாள்கணக்கில் அரிக்கிறது. டீட், பிகாரிடின் ஆகிய பூச்சி விரட்டிகளில் எதை வாங்குவது?

பதில்: 20 விழுக்காடு பிகாரிடினைப் பரிந்துரைப்பேன். டீட்டும் நன்றாகவே காக்கும். ஆனால் அது பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் (என் மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் விரல்தடம் அப்படியே பதிந்துவிட்டது). வெயில்காப்புக் களிம்பை முதலில் பூசி, அது காய்ந்த பிறகே விரட்டியைத் தடவுங்கள்.

மற்றொரு பதில்: பூச்சு மட்டும் போதாது. அந்தி முதல் விடியல் வரை பெரும்பாலும் கடிக்கும் இந்த ஈ, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவே உள்ளதால் சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள்ளும் நுழைந்துவிடும். ஆகவே பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி ஏற்றிய, நெருக்கமான வலைக்குள் உறங்குங்கள்.

இன்னொரு பதில்: மணல் ஈக்களால் வலுவாகப் பறக்க இயலாது என்பதால் மின்விசிறிக் காற்றும் உதவும். கடித்த இடம் வாரக்கணக்கில் ஆறாத புண்ணானால், மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோயான லீஷ்மேனியாசிஸாக இருக்கக்கூடும். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.