கால்ல குத்தினதே தெரியாத ஆளைப் பார்த்திருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மெட்டு_ஜீப் (கம்பம்)

ரெண்டு வருஷமா உறுத்துது, அதான் எழுதுறேன்.

கார்த்திகை கடைசி. குமுளியில ஆளை இறக்கிட்டு வெறும் வண்டியா கீழ வரக் கிளம்புறேன். ஒரு சாமி கை காட்டினாரு. கூட வந்த கூட்டத்தைத் தவற விட்டுட்டாராம், கம்பத்துல காத்திருக்காங்களாம். ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். சத்திரத்துல இருந்து புல்மேட்டு வழியா நடந்து போயி, பம்பையில இறங்கி, பஸ்ஸுல குமுளி வந்திருக்காரு. நல்ல பேச்சு. மடியில நேந்திரங்கா சிப்ஸ், எனக்கும் ஒரு கை அள்ளிக் குடுத்தாரு.

செக்போஸ்ட்டுல லைட்டு உள்ள அடிச்சப்பதான் பார்த்தேன். ரப்பர் மேட்டுல அவர் வலது கால் வச்சிருந்த இடம் மட்டும் நனைஞ்சு மின்னுது. ஆயில்னு நினைச்சேன். காலைத் தூக்குங்க சாமின்னேன். பெருவிரலுக்குக் கீழ மேடா இருக்குமே, அந்த இடத்துல பச்சைப் பாட்டில் சில்லு, பாதி உள்ள ஏறி நிக்குது. அவரு குனிஞ்சு பார்த்து, "அட, இது எப்ப ஏறுச்சு?"ன்னு கேட்டுட்டு, சிப்ஸ் தின்ன அதே கையால பிடுங்கி வெளிய போட்டாரு. மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்ல.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? வண்டியை ஓரங்கட்டி அவரு காலைத் தொட்டுக் கும்பிட்டேன். கல்லும் முள்ளும் மெத்தைன்னு சரணம் போடுறோமே, இவருக்கு நெசமாவே மெத்தையாயிருச்சுன்னு. கம்பத்துல இறக்கி விட்டேன். காசு வாங்கல. மேட்டைக் கழுவிட்டுத் தூங்கிட்டேன்.

போன மாசம் எங்க சித்தப்பாவுக்குச் சுகர் புண்ணுல ஒரு விரலை எடுத்தாங்க. "வலிக்கலன்னு வீட்டுலயே இருந்துட்டாரு, அதான் இவ்ளோ தூரம் வந்துருச்சு"ன்னு டாக்டர் சொன்னாரு. சித்தப்பா முகத்தைப் பார்க்காம நான் அந்தப் பச்சைச் சில்லைத்தான் நினைச்சுக்கிட்டு நின்னேன்.

அந்தச் சாமி பேரு, ஊரு எதுவும் கேட்டுக்கல.

ஏலப்பூ (கூடலூர். தேனி கூடலூர், நீலகிரி இல்ல)

அண்ணே, காட்டு வேலைக்குப் போற எங்களுக்கு வலி இல்லாதது எல்லாம் பிரச்சினை இல்ல. வலிதான் பிரச்சினை.

விடியறதுக்கு முன்னாடி ஜீப்பு ஏறினா ஏலக்காட்டுல தூருக்குத் தூரு குத்த வச்சு உக்காந்துதான் காய் எடுக்கணும், சரம் எல்லாம் தரையிலதான கிடக்கும். அட்டைக்குப் பயந்து கம்பூட்டு. மழைத் தண்ணி ஒரு தடவை உள்ள பூந்துருச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் கால் ஊறுகாதான். சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் இடுக்குல வெள்ளையா வெந்து உரியும். சேற்றுப்புண். எங்க ஜீப்புல பதினாலு பேரு, முக்காவாசிப் பேருக்கு இருக்கு.

எனக்கு அதுக்கு மேல உள்ளங்கால் முழுக்கக் குழி குழியா சல்லடை மாதிரி ஆகி, நாத்தம் தாங்காம ஜீப்புல பூட்டைக் கழட்டவே கூச்சமா இருந்துச்சு. மருந்துக்கடையில ஒரு டியூப் குடுத்தாங்க. நாலு நாள் அரிப்பு சொர்க்கம் மாதிரி அடங்குச்சு, அப்புறம் புறங்கால் வரைக்கும் வட்டம் வட்டமா ஏறிருச்சு. தேனியில தோல் டாக்டர்கிட்ட போனா, அந்த டியூப்ல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு தூக்கிப் போடச் சொன்னாரு. வட்டத்துக்கு வேற களிம்பு. குழி பூஞ்சையே இல்லையாம், ஈரத்துல வளர்ற பாக்டீரியாவாம், அதுக்குத் தனியா. மாத்துக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ் கொண்டு போகச் சொன்னாரு. மத்தியானக் கஞ்சி குடிக்கையில சாக்ஸ் மாத்துறதைப் பார்த்துக் கங்காணி சிரிச்சாரு. சிரிச்சுட்டுப் போறாரு.

ஆனா என்னால மறக்க முடியாதது எங்க அத்தை காலு. குதிகால் பித்தவெடிப்பு, அஞ்சு ரூபா காசை நட்டமா சொருகலாம், அவ்ளோ ஆழம். மருதாணி அரைச்சுப் போட்டா, விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள், எல்லாம் பார்த்தா. ஒரு நாள் ராத்திரி வாசல்ல உக்காந்து, செருப்பு ஒட்டுற பசையை வெடிப்புக்குள்ள பிதுக்கி ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. "எரியலையா அத்தை?"ன்னு கேட்டா, "என்னத்த எரியிது, ஒட்டுனா சரி"ங்கறா. மறுநாள் வேலைக்கும் வந்துட்டா. கெட்டிக்காரின்னு எல்லாம் பேசிக்கிட்டோம்.

கேரளாப் பக்கம் ஆஷா சேச்சிங்க, அதான் ஊர்ச் சுகாதாரப் பணியாளருங்க, மழைக்காலத்துல காட்டுக்கே வந்து எலிப்பனிக்கு, நம்ம எலிக்காய்ச்சலுக்கு, மாத்திரை குடுப்பாங்க. டாக்ஸிசைக்ளின், வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம். அந்தச் சேச்சி அத்தை குதிகாலைப் பார்த்துட்டு, "இது வழியா கேறும் கேட்டோ"ன்னு பயமுறுத்திட்டுப் போச்சு. எலி மூத்திரம் கலந்த தண்ணி வெடிப்புல பட்டா நோய் உள்ள போயிருமாம். அத்தை மாத்திரையை மட்டும் ஒழுங்கா முழுங்குனா. வெடிப்புக்கு மறுபடியும் பசை.

குருசாமி_மகள் (கொழிஞ்சாம்பாறை)

முதல் பதிவு போட்டவருக்கு: மாலை போட்டவங்க காலைப் பத்தி இப்படிப் பொதுவுல எழுதறது எனக்குப் பிடிக்கலைங்க. எங்கப்பா பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவரு. பதினெட்டாம் வருஷம் தென்னம்பிள்ளை எடுத்துட்டுப் போயி வச்சுட்டு வந்தாரு. அத்தனை வருஷமும் வெறுங்கால்தான், ஒரு முள்ளு குத்தினது இல்லைங்க. எல்லாம் மனசு.

நீங்க சொல்ற ஆளுக்குச் சர்க்கரை இருந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அவராச் சொன்னாரா? உங்க சித்தப்பா கதையை அவரு மேல ஏத்திட்டீங்க.

ஆனா ஒண்ணு, இதையும் சொல்லிடறேன். அப்பாவுக்குப் பின்னாடி சர்க்கரை வந்துச்சு. பத்தொம்பதாவது வருஷம் அவரோட குருசாமியே "நீ செருப்புப் போட்டுட்டு வா, படி ஏறையில கழட்டிக்கலாம்"னு சொன்னாரு. அப்பா கேக்கலை. போகாமயே நின்னுட்டாரு. செருப்புப் போட்டுட்டுப் போறதுக்குப் போகாமயே இருக்கலாம்னு. அந்த வருஷம் மகரஜோதியை டிவியில பார்த்துட்டே திண்ணையில உக்காந்திருந்தாரு. யாரும் அவருகூடப் பேசலை.

பழைய_கம்பவுண்டர் (செங்கோட்டை)

முப்பத்தெட்டு வருஷம் மருந்து கலக்கினவன். ஒரு சம்பவம் மட்டும் சொல்லிட்டு விசயத்துக்கு வாரேன்.

ஆரியங்காவு பக்கத்துல இருந்து ஒரு டீச்சர் அவுக அம்மாவைக் கூட்டிட்டு வந்தாவ. கால் எரிச்சல்னு அந்தம்மா வாளியில வெந்நீர் வச்சு ரெண்டு காலையும் முக்கியிருக்காவ. "சூடு பத்தல, இன்னும் ஊத்து"ன்னு மூணு தடவை கேட்டு வாங்கி ஊத்தியிருக்காவ. கணுக்காலுக்கு மேல கோடு போட்ட மாதிரி ஒரு வரி. அதுக்குக் கீழ முழுக்கக் கொப்புளம், வெள்ளை சாக்ஸ் மாட்டின மாதிரி. டீச்சர் அழுதாவ. அந்தம்மா வந்தவுகளுக்குக் காப்பி குடுத்தாச்சான்னு கேட்டுட்டு இருந்தாவ.

இப்ப விசயம். சர்க்கரை ரொம்ப நாள் கூடவே நின்னா நரம்பு கெடும். உடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறதுதான், அதனால விரல் நுனியிலதான் முதல்ல ஆரம்பிக்கும். எரிச்சல் ஒரு பக்கம் இருக்கும், சுடுறது தெரியாது, ரெண்டும் ஒரே கால்லயே இருக்கும். கால்ல வேர்வையும் குறையும், தோல் காஞ்சு வெடிக்கும். ஏலப்பூ, ஒங்க அத்தைக்குச் சர்க்கரை பார்த்தாச்சா? வெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு இருக்கு, ராத்திரி பூசிட்டுச் சாக்ஸ் போட்டுப் படுக்கணும். காலை வெதுவெதுப்பான தண்ணியில கழுவலாம், ஊற வைக்கக்கூடாது, சூட்டையும் வேற ஆள் முழங்கையால பார்க்கணும். எண்ணெய், களிம்பு எதுவா இருந்தாலும் விரல் இடுக்குல போடக்கூடாது, அங்கன காஞ்சு இருக்கணும். துண்டு நுனியை இடுக்குக்குள்ள விட்டுத் துடைக்கணும். சேற்றுப்புண் களிம்பை ஆறின மாதிரி தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்தாதிக, அதான் திரும்பத் திரும்ப வருது. நகத்தை நேரா வெட்டணும், ஓரத்தை வளைச்சுத் தோண்டினா அது சதைக்குள்ள வளந்து சீழ் வைக்கும். செருப்புக்குள்ள கையை விட்டுப் பார்த்துட்டுப் போடணும். புதுச் செருப்பைச் சாயங்காலம் வாங்கணும், காலையில வாங்கினா பொழுது சாய வீங்கின காலுக்குப் பத்தாது. தினம் ஒரு கண்ணாடியைத் தரையில போட்டு உள்ளங்காலைப் பார்க்கணும். ஆணிக்குக் கடையில விக்கிற பிளாஸ்திரி சர்க்கரைக்காரங்களுக்கு ஆகாது, அதுல இருக்கிற ஆசிட் நல்ல தோலையும் தின்னும்.

உணர்ச்சி இருக்கான்னு பார்க்க ஆஸ்பத்திரியில பத்து கிராம் நைலான் நரம்பை வச்சுக் குத்திப் பார்ப்பாவ. வீட்டுல அது வேண்டாம். கண்ணை மூடச் சொல்லிட்டு, ரெண்டு காலுலயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை மட்டும் நம்ம ஆள்காட்டி விரலால ரெண்டு வினாடி லேசா தொடணும். அமுக்கக்கூடாது, வருடக்கூடாது. மொத்தம் ஆறு. அதுல ரெண்டு தெரியலைன்னா டாக்டர்கிட்ட போகணும். இப்ஸ்விச்னு ஒரு இங்கிலாந்து ஊர்ப்பேரை வச்சு இந்தச் சோதனையைச் சொல்லுவாவ.

ஊர்ப்பேருன்னதும் ஞாபகம் வருது, நம்ம மதுரை பேர்லயே ஒரு கால் வியாதி இருக்கு, மதுரா கால். வெறுங்கால்ல முள்ளு குத்தின வழியா மண்ணுல இருக்கிற கிருமி போயி, வருஷக்கணக்கா வீங்கி, ஓட்டை ஓட்டையா விழுந்து குருணை மாதிரி வரும். இதுவும் வலிக்காது, அதான் விட்டுருவாவ. 1842-லயே மதுரையில கில்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் எழுதி வச்சிருக்காரு.

சந்தைப்பை (போடி)

கம்பவுண்டர் சார், கேட்டது அனுபவம். நீங்க நோட்ஸ் குடுத்திருக்கீங்க.

என்னோடது சின்னது. எங்கய்யாவுக்கு உள்ளங்கால்ல ஆணி. சந்தையில மாட்டுக்கொம்பு வச்சு ஆணி எடுக்கிற ஆள் உக்காந்திருந்தாரு. பிளேடால கீறி, கொம்பைக் கவுத்து, மறு நுனியில வாயை வச்சு உறிஞ்சாரு. அப்புறம் உள்ளங்கையில துப்பிக் காட்டினாரு, வெள்ளையா நூல் மாதிரி ஒண்ணு. "வேர் வந்துருச்சு பாருங்க." ஆணிக்கு ஐம்பது ரூபான்னு மூணுக்கு நூத்தம்பது. கூட்டமே கைதட்டுச்சு, நானும் தட்டினேன், எட்டு வயசு எனக்கு. அப்பதான் அந்த ஆளு அடுத்த ஆளுக்குத் தயாராகுறதுக்குத் திரும்பி நின்னு கன்னத்துக்குள்ள எதையோ அடக்குறதைப் பார்த்தேன். எங்க கண்ணு ரெண்டும் நேருக்கு நேர் பார்த்துச்சு. கண்ணடிச்சாரு. இன்னைக்கு வரைக்கும் அய்யாகிட்ட சொல்லல.

மூணு மாசத்துல அதே இடத்துல ஆணி. ஆணிக்கு வேரே கிடையாது, அமுக்கம் பட்ட இடத்துல தோல் தடிக்கிறதுதான்னு எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆச்சு. அய்யா செருப்புல அந்த இடத்துல ஒரு ஆணி தலை தூக்கி நின்னுருக்கு. நெசமான ஆணி.

சித்தூர்_ரோடு (காட்பாடி)

கேரளா எல்லைக்காரங்க பேசுறீங்க, நான் ஆந்திரா எல்லை. வரலாமா?

எங்க நைனாவுக்குச் சர்க்கரை. சித்தூர்ல மண்டி கணக்கு வேலை. ஒரு தடவை புண் ஆறினதும் எம்.சி.ஆர். செருப்பு போடச் சொன்னாங்க. அவரு எம்.ஜி.ஆர். செருப்புன்னுதான் சொல்லுவாரு. உள்ள மெத்து மெத்துன்னு ரப்பர், மேல அகலப் பட்டை. எங்க பக்கம் அந்தச் செருப்பைப் பார்த்தாலே பெருநோய்க்காரங்கன்னு நினைப்பாங்க, ஏன்னா கரிகிரி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க காலுல அதைப் பார்த்துப் பழகினவங்க நாங்க. ரெண்டுக்கும் ஒரே செருப்புதான், ரெண்டுலயும் கெடுறது வலிக்கிற நரம்பு. கொல்லிமலையில பிறந்த பால் பிராண்ட் டாக்டர் 1946-ல வேலூர் வந்து, பெருநோய்ல விரல் தானா அழுகி விழறது இல்ல, வலி தெரியாம அடிபட்டு அடிபட்டுத்தான் போகுதுன்னு காட்டினாரு. இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும்தான்.

என் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பெரிய இடம். மண்டபத்துக்குக் கிளம்பும்போது நைனா அந்தச் செருப்போட வந்து நின்னாரு. நான் எதுவும் சொல்லல. காலை மட்டும் பார்த்தேன். அவரு உள்ள போயி, தம்பியோட கருப்பு கட்ஷூவை மாட்டிக்கிட்டு வந்தாரு. ரெண்டு நாள் அதோடயே நின்னாரு, பந்தி விசாரிச்சாரு. மூணாம் நாள் ஷூவைக் கழட்டினப்ப சுண்டு விரல் பக்கம் சாக்ஸ் ஒட்டிக்கிட்டு வரலை.

இப்ப அந்தக் கால்ல முன்பாதம் இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல அவரு.

மெட்டு_ஜீப் (கம்பம்)

காட்பாடி அக்கா, படிச்சுட்டு வண்டியை எடுக்க முடியல.

கொழிஞ்சாம்பாறை அம்மா, நீங்க சொன்னது சரிதான், அவருக்குச் சர்க்கரைன்னு எனக்குத் தெரியாது. மலையில கால் மரத்தும் போயிருக்கலாம். சாமியைக் குறை சொல்லல. நான் கும்பிட்டதைத்தான் சொல்றேன். கும்பிட்டுட்டு, "நாளைக்கு ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டுங்க, டிடி ஊசி போடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. அம்புட்டுத்தான். இந்தக் கார்த்திகைக்கு டேஷ்போர்டுல டெட்டாலும் பஞ்சும் போட்டு வச்சேன். ஒருத்தரும் காலைக் காட்டல.

ஏலப்பூ (கூடலூர்)

கம்பவுண்டர் ஐயா சொன்னதை இன்னைக்குச் செஞ்சு பார்த்தேன். மெட்டுல ஜீப்பு வரிசையில நிக்கையில, அத்தை பூட்டைக் கழட்டிட்டு உக்காந்திருந்தா. கண்ணை மூடு, தொடுறப்ப சொல்லுன்னேன். விளையாட்டுன்னு நினைச்சு மூடிக்கிட்டா. சுத்தி எல்லாரும் எட்டிப் பார்க்குறாங்க.

வலது பெருவிரல், "ம்". நடுவிரல், "ம்". வலது சுண்டுவிரல், சும்மா இருந்தா. இடது பெருவிரல், "ம்", கொஞ்சம் லேட்டா. இடது நடுவிரலைத் தொட்டேன். பேச்சில்ல. விரலை எடுக்காம அப்படியே வச்சிருந்தேன்.

"என்னடி, தொடப் போறியா இல்லையா?"ங்கறா.