டர்பன் பக்கம் ஷூட்டிங் ரேஞ்ச்: பொண்ணுக்கு ஏர் ரைஃபிள் கத்துக்குடுக்கணும், ரூல்ஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

உம்லாங்கா_அப்பா:

வணக்கம் மக்களே. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து மூணு வருஷமாச்சு, உம்லாங்கால இருக்கோம். இன்னும் ஒர்க் விசாதான், பிஆருக்கு, அதாவது நிரந்தரமா தங்கற அனுமதிக்கு, போட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கோம். பொண்ணுக்கு 14 வயசு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்குனத பாத்ததுல இருந்து எனக்கும் ஷூட்டிங் சேத்து விடுப்பான்னு ஒரே பிடிவாதம், அதோட நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் அதே ஒலிம்பிக்ஸ்ல ஏர் ரைஃபிள்ல ஆடுனாங்கன்னு தெரிஞ்சதும் அவங்க படத்த சுவத்துல ஒட்டியாச்சு. எனக்கு திருவிழாவுல பலூன் சுட்டதைத் தவிர துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாது.

போன சனிக்கிழமை நெட்ல தேடிப் பாத்து முக்கா மணி நேரம் கார் ஓட்டி ஒரு ரேஞ்சுக்கு போனோம், பேர் வேணாம். கேட்லயே நிறுத்திட்டாங்க. புக் பண்ணாம வந்துருக்கீங்க, இன்னைக்கு மெம்பர்ஸ் மேட்ச் நடக்குதுன்னாங்க. சரி சும்மா உள்ள வந்து பாத்துட்டுப் போறோமேன்னு கேட்டா பாப்பா செருப்பு போட்டிருக்கா, உள்ள விட முடியாதுன்னாங்க. ஒரிஜினல் ஐடியும் கையில இல்ல, போன்ல இருந்த பாஸ்போர்ட் காப்பிய காட்டுனேன், செல்லாதுன்னுட்டாரு. சொன்ன விதமும் கொஞ்சம் விரட்டுற மாதிரி இருந்துச்சு. நம்ம நிறத்தப் பாத்துத்தான் இப்படியோன்னு இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. திரும்பி வர்ற வழியெல்லாம் பொண்ணு ஒரு வார்த்தை பேசல, அதுதாங்க தாங்க முடியல.

ஒர்க் விசால இருக்கறவங்க இங்க ரேஞ்சுல சுடலாமா, ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணுமா, 14 வயசுப் புள்ளைய சேப்பாங்களா, டர்பன் சுத்தி எப்படித் தேடுறது, அனுபவப்பட்டவங்க சொன்னா புண்ணியமா போகும்.

பைன்டவுன்_சித்தப்பா:

தம்பி, வருத்தப்படாதீங்க. நான் பதினாறு வருஷமா சுடுறேன், முதல் தடவை என்னையும் திருப்பி அனுப்பிருக்காங்க, அதே செருப்பு விஷயம்தான். நிறத்தப் பாக்கறவங்க இந்த ஊர்ல இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், பட்டும் இருக்கேன். ஆனா நீங்க சொன்ன மூணு காரணமும் உண்மையான காரணம். செருப்புக்கு ஏன் அவ்வளவு கறார்னா, பிஸ்டல் சுட்டதும் வெளிய தெறிக்கிற காலி தோட்டா கொதிக்கிற சூட்டுல வரும், அது கால் விரலுக்கு நடுவுல விழுந்தா ஆளு துள்ளிருவான், துள்ளும்போது கையில இருக்கற துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்லாப்ஸ், அதான் ரப்பர் செருப்பு, போட்டு வந்த வெள்ளைக்காரப் பசங்களையும் கார் பார்க்கிங்லயே திருப்பி அனுப்புனத என் கண்ணால பாத்திருக்கேன்.

இப்ப சட்டம். இங்க எல்லாம் 2000ஆம் வருஷத்து ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் ஆக்ட் 60தான், 2004 ஜூலைல இருந்து முழுசா நடைமுறையில இருக்கு. சொந்தமா துப்பாக்கி வாங்கணும்னா முதல்ல காம்பிடன்சி சர்டிஃபிகேட், அதாவது துப்பாக்கி வச்சுக்க தகுதி இருக்குன்னு போலீஸ் குடுக்கற சான்று, அதுக்கு சிட்டிசனா இருக்கணும் இல்ல பிஆர் இருக்கணும், பொதுவா 21 வயசு ஆகியிருக்கணும். அதனால இப்போதைக்கு உங்களால வாங்க முடியாது. ஆனா சுடலாம். செக்‌ஷன் 22 என்ன சொல்லுதுன்னா, லைசென்ஸ் வச்சிருக்கற 21 வயசு தாண்டுன ஆளு தன் நேரடிக் கண்காணிப்புல தன் துப்பாக்கிய இன்னொருத்தர் பாதுகாப்பா, சட்டப்படி பயன்படுத்த விடலாம். டூரிஸ்ட் எல்லாம் வந்து வாடகைக்கு எடுத்து சுடுறாங்கல்ல, அது மாதிரிதான். சின்னப் பசங்கள எந்த வயசுல இருந்து சேக்கறதுங்கறத ஒவ்வொரு ரேஞ்சும் தன் பாட்டுக்கு வச்சிருக்கும், போன் போட்டுக் கேட்டுட்டுதான் கிளம்பணும்.

பாப்பாவுக்கு வேண்டியது ஏர் ரைஃபிள், அதுக்கு நல்ல சேதி. காத்தழுத்தத்துல சுடுற துப்பாக்கி 5.6 மி.மீ.க்கு கம்மியான காலிபரா, அதாவது குழாயோட உள்விட்டமா, இருந்தா இந்தச் சட்டப்படி அது ஃபயர்ஆர்மே இல்ல. ஒலிம்பிக்ஸ்ல சுடுறது 4.5 மி.மீ. பெல்லட், சின்ன குண்டு. அதனால லைசென்ஸும் வேணாம், பிஆரும் வேணாம். ஆனா அத பொம்மைன்னு நினைச்சிராதீங்க, ஆள் மேல காரணமில்லாம நீட்டுனாலே குத்தம், செக்‌ஷன் 120ல ஏர்கன்னையும் சேத்தே எழுதி இருக்கு, லோட் பண்ணலைன்னாலும் குத்தம்தான். வீடுங்க இருக்கற இடத்துலயும் சுடக்கூடாது. அதனால காம்ப்ளெக்ஸ் பின்னாடி டின்ன வச்சு பிராக்டீஸ் பண்ணலாம்னு நினைப்பு வந்தா விட்டுருங்க.

தேடுறதுக்கு ஒரு வழி சொல்றேன், ஷூட்டிங் ரேஞ்ச்னு தேடுனா பிஸ்டல் ரேஞ்சாதான் வரும். இங்க பேசுற ஆப்ரிக்கான்ஸ் மொழியில ஏர் ரைஃபிள விண்ட்பக்ஸ்னு சொல்லுவாங்க, அந்த வார்த்தைய போட்டுத் தேடுங்க, இங்க ஸ்கூல் புள்ளைங்க போட்டி போட்டு சுடுற விளையாட்டு அது. பக்கத்துல துப்பாக்கி கடை இருந்தா நேரா போய் கேளுங்க, எந்த கிளப்புல யாரு ஜூனியர்ஸ பாத்துக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாம இருக்காது.

செல்வியக்கா_மாரிட்ஸ்பர்க்:

சித்தப்பா சொன்னது அத்தனையும் சரி. நான் பொம்பளப் புள்ளைங்க விஷயத்த மட்டும் சொல்றேன், இத கிளப்புல யாரும் வாய்விட்டு சொல்ல மாட்டாங்க. கழுத்து ஏறுன டீ ஷர்ட்தான் போடணும், சூடான கேஸ், அதாவது சித்தப்பா சொன்ன அந்த காலி தோட்டா, கழுத்து வழியா உள்ள இறங்கிட்டா பெரிய ரோதனை, நான் பட்டிருக்கேன், இன்னும் தழும்பு இருக்கு. தலையில முன்னாடி மடிப்பு வச்ச தொப்பி. துப்பட்டா வேணாம், முடிய இறுக்கி பின்னிவிடுங்க. ஏர் ரைஃபிள்ல கேஸ் தெறிக்காதுதான், ஆனா பக்கத்து லேன்ல பிஸ்டல் நடந்தா அங்க இருந்து வரும்.

காது முக்கியம் தம்பி. 9 எம்எம் பிஸ்டல் வெடிக்கிற சத்தம் 140 டெசிபெலுக்கும் மேல, ஒரே வெடியில காது கெட்டுப் போகலாம். மூடுன கட்டடத்துக்குள்ள இருக்கற ரேஞ்சா இருந்தா காதுக்குள்ள பஞ்சு மாதிரி பிளக் ஒண்ணு, அதுக்கு மேல மஃப் ஒண்ணு, ரெண்டும் போடச் சொல்லுங்க. அப்புறம் பெல்லட் எல்லாம் ஈயம். சுடுற இடத்துல பாப்பா சிப்ஸ் சாப்பிடக்கூடாது, பெல்லட்ட வாயில வச்சுக்கறது கூடவே கூடாது, சில பசங்க லோட் பண்றப்ப பல்லுல கடிச்சுக்கிட்டு நிப்பாங்க, பாத்தாலே எனக்கு பதறும். முடிஞ்சதும் பச்சத் தண்ணியில சோப்பு போட்டு கை கழுவணும், போட்டிருந்த துணிய தனியா துவைக்கணும்.

ரேஞ்ச் ஆபீசர் கத்துறது திட்டுறது இல்ல, இத பாப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. எல்லாரும் காத மூடிக்கிட்டு நிக்கிறாங்க, அவரு கத்தித்தான் ஆகணும். சீஸ் ஃபயர்னு யாரு கத்துனாலும் சரி, சின்னப் புள்ளை கத்துனாலும் சரி, விரல எடுத்துட்டு அப்படியே நின்னுரணும், ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம். ரேஞ்ச் கோல்டுன்னு சொல்லிட்டா துப்பாக்கிய தொடவே கூடாது, டார்கெட் மாத்த ஆளுங்க முன்னாடி போயிருப்பாங்க. என் பொண்ணு முதல் மாசத்துல ஒரு தடவை கோல்டு ஆனப்புறம் ரைஃபிள் ஸ்ட்ராப்ப சரி பண்ண கைய நீட்டுனா, அன்னைக்கு முழுக்க உக்கார வச்சுட்டாங்க. அழுதா. நானும் அவங்க பக்கம்தான் பேசுனேன். இப்ப அவளே புதுசா வர்ற பசங்களுக்கு அத சொல்லிக் குடுக்கறா.

சாட்ஸ்வர்த்_ஐந்தாம்_தலைமுறை:

வணக்கம். என் தமிழ் கோயில் வகுப்புல படிச்ச தமிழ், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. எங்க முப்பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவரு. என் மகன் 12 வயசுல ஏர் ரைஃபிள் ஆரம்பிச்சான், இப்ப 17.

சொந்தமா உடனே வாங்காதீங்க. கிளப் ரைஃபிள்ல ஆறு மாசம் சுடட்டும். போட்டி ரைஃபிள் 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம், சின்னப் புள்ளைக்கு அது ரொம்ப கனம், முதுகு வலிக்கும். பத்து மீட்டர்ல பத்துப் பாயின்டுங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி, கண்ணுக்கே தெரியாது. பெரிய போட்டில 60 ஷாட், 75 நிமிஷம். அதனால புள்ளைக்கு முதல்ல நிக்கிறது, மூச்சு, விரல் இதுதான் சொல்லித் தருவாங்க. என் மகன் முதல் ஆறு வாரம் பெல்லட் இல்லாமதான் பழகுனான், நான் பணம் வீண்னு நினைச்சேன், கோச்கிட்ட சண்டைக்கும் போனேன். தப்பு என் மேல.

மேட்ச் முடிஞ்சா பிராய், அதாவது கறி சுடுற விருந்து, போடுவாங்க. நீங்க சைவம்னா மீலீ, அதாவது சோளக்கருது, சுட்டுத் தரச் சொல்லுங்க, சந்தோஷமா தருவாங்க. அங்க உக்காந்து பேசுனாதான் நட்பு வரும், கேட்ல நின்னு பேசுனா வராது.

ஜோபர்க்_மணி:

எனக்கு என்னமோ இதெல்லாம் ஓவர்னு தோணுது ப்ரோ. ஒரு மணி நேரம் சுடறதுக்கு ஃபார்ம்ல கையெழுத்து, ஐடி, புக்கிங், பேசிக் லெக்சர், தோட்டாவும் அவங்ககிட்டயே வாங்கணும். அப்புறம் இன்னொண்ணு, பிஆர் வந்ததும் வீட்டுக்கு ஒரு பிஸ்டல் வாங்கிருங்க, 2021 ஜூலைல நம்ம குவாசுலு நடால் மாகாணத்துல நடந்த கலவரம், கொள்ளைக்கு அப்புறமும் கையில ஒண்ணும் இல்லாம எப்படித் தூங்குறீங்கன்னு தெரியல.

பைன்டவுன்_சித்தப்பா:

மணி தம்பி, அந்த வாரம் நான் இங்கதான் இருந்தேன், ராத்திரி முழுக்க தெரு முனையில காவல் நின்னிருக்கேன். உங்க பயம் புரியுது. ஆனா 14 வயசுப் புள்ளை இருக்கற வீடு, அவசரப்பட்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது. வாங்கறதுன்னா வழி இதுதான்: அங்கீகாரம் உள்ள டிரெய்னிங் சென்டர்ல சட்டப் பரீட்சை எழுதி, சுட்டுக் காட்டி பாஸ் பண்ணணும், அப்புறம் உங்க ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல துப்பாக்கி விஷயத்த பாத்துக்கற ஆபீசர் டிஎஃப்ஓகிட்ட காம்பிடன்சி சர்டிஃபிகேட்டுக்கு எஸ்ஏபிஎஸ் (இங்கத்த போலீஸ்) 517 ஃபார்ம், கைரேகை, வீட்டுக்காரம்மாகிட்டயும் விசாரிப்பாங்க. அது வந்தப்புறம்தான் துப்பாக்கிக்கு 271 ஃபார்ம், எதுக்கு வேணும்னு காரணம் எழுதிக் குடுக்கணும். சுவத்துலயோ தரையிலயோ போல்ட் அடிச்ச சேஃப் இருக்கணும், எஸ்ஏபிஎஸ்காரங்க வந்து பாப்பாங்க. தற்காப்புக்குன்னா செக்‌ஷன் 13, ஒண்ணே ஒண்ணுதான், அஞ்சு வருஷத்துக்குத்தான் செல்லும், முடியறதுக்கு 90 நாள் முன்னாடியே ரின்யூவலுக்குக் குடுக்கணும், அத மறந்து மாட்டுனவங்க நிறைய பேர். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல வச்சுக்கக் கூடாது. எல்லாம் முடிய பல மாசம் ஆகும், அதுவரைக்கும் துப்பாக்கி கடையிலயே கெடக்கும்.

ரூல்ஸ் ஓவர்னு சொன்னீங்க. தோட்டாவ ஏன் அவங்ககிட்டயே வாங்கச் சொல்றாங்கன்னா, வாடகைத் துப்பாக்கில எவனோ வீட்டுல மருந்து அடைச்சு தப்பா ரீலோட் பண்ண தோட்டாவ போட்டா பேரல், அதாவது துப்பாக்கிக் குழாய், கையிலயே வெடிக்கும். ஐடி கேக்கறது, யாரு வந்தான்னு எழுதி வைக்கணும்ல. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி எங்கயோ யாருக்கோ ஒரு காயம் இருக்கு தம்பி.

உம்லாங்கா_அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சித்தப்பா சொன்ன மாதிரி விண்ட்பக்ஸ்னு தேடுனேன், அதுல ஒரு கிளப் கெடச்சுது, செவ்வாக்கிழமையே போன் பண்ணி பேசிட்டேன், நேத்து போனோம். ஷூ, ஒரிஜினல் பாஸ்போர்ட், தொப்பி, காது மஃப் எல்லாம் எடுத்துட்டுப் போனோம். ஒரு வயசான அம்மாதான் ஜூனியர்ஸ பாத்துக்கறாங்க. முதல் அரை மணி நேரம் ஒரு பெல்லட் கூட குடுக்கல, துப்பாக்கிய பெஞ்சுல எப்படி வைக்கணும், ஆரஞ்சு கலர் ஃப்ளாக்க பேரல்ல எப்ப சொருகணும், துப்பாக்கி வாய் எந்தப் பக்கம் இருக்கணும், இதுதான். சாட்ஸ்வர்த் அண்ணன் எழுதுனத முன்னாடியே படிச்சிருந்ததால நான் வாயத் தொறக்கல. அப்புறம் பத்து ஷாட் குடுத்தாங்க, ஸ்டாண்ட்ல ரைஃபிள தாங்க வச்சு. அதுல மூணு ஷாட் டார்கெட் அட்டையிலயே படல.

மணி ப்ரோ, துப்பாக்கி வாங்கற யோசனை எனக்கு இப்ப இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க.

முன்னாடி போன ரேஞ்சுக்கும் ஒரு மெயில் போட்டேன், புக் பண்ணாம வந்தது எங்க தப்புதான், ஆனா கேட்ல பேசுன விதம் புள்ளைய பாதிச்சிருச்சுன்னு எழுதுனேன். இன்னும் பதில் வரல.

செல்வியக்கா, ஒரு சந்தேகம். ஸ்கூல் ஷூ பின்னாடி கொஞ்சம் தூக்குன மாதிரி இருக்கு, நிக்கும்போது முன்னாடி சாயுறான்னு அந்த அம்மா சொன்னாங்க. தட்டையான அடி உள்ள ஷூ டர்பன்ல எங்க வாங்குனீங்க? அடுத்த சனிக்கிழமைக்குள்ள வாங்கணும்.